ஜப்பான் நமக்கு நண்பனா, கூட்டணியா? கேள்வி பதில்

இந்தியா, ஜப்பான் பாதுகாப்பு உறவு பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். சிலதுக்கு ஒரு வரி போதும். சிலதுக்குக் கதை சொல்லியாக வேண்டும்.

கேள்வி: எல்லையில் சண்டை வந்தால் ஜப்பான் நமக்காகப் படை அனுப்புமா?

அனுப்பாது. அனுப்ப வேண்டும் என்று எந்த ஒப்பந்தத்திலும் இல்லை. அவர்களுக்கு ஒன்றென்றால் நாமும் போயாக வேண்டியதில்லை. ஜப்பானைக் காக்கும் கடமை ஒப்பந்தப்படி அமெரிக்காவுக்குத்தான் உண்டு. அது 1960இல் கையெழுத்தானது. அதோடு ஜப்பான் அரசியல் சட்டத்தின் 9ஆம் பிரிவு போரையே கைவிடுகிறது. படைக்குக்கூட 'தற்காப்புப் படை' என்றுதான் பெயர். நாமோ யாருடைய ராணுவக் கூட்டணியிலும் சேராதவர்கள். 2008இல் மன்மோகன் சிங்கும் அப்போதைய ஜப்பான் பிரதமர் டாரோ அசோவும் வெளியிட்டது பாதுகாப்பு ஒத்துழைப்புக்கான கூட்டுப் பிரகடனம். அதைக் கூட்டணி என்று யாராவது எழுதியிருந்தால் நம்பாதீர்கள்.

கேள்வி: அப்புறம் எதற்கு வருஷா வருஷம் கூட்டுப் பயிற்சி? போட்டோவுக்கா?

போட்டோவும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இது தொடங்கிய கதையைக் கேளுங்கள். 1999 அக்டோபரில் 'அலோண்ட்ரா ரெயின்போ' என்ற சரக்குக் கப்பல் இந்தோனேசியாவில் அலுமினியக் கட்டிகளை ஏற்றிக்கொண்டு ஜப்பானுக்குக் கிளம்பியது. ஜப்பானியருக்குச் சொந்தமான கப்பல். வழியில் கொள்ளையர்கள் ஏறி, 17 மாலுமிகளையும் ரப்பர் மிதவையில் இறக்கிக் கடலில் விட்டுவிட்டார்கள். அவர்களைப் பல நாள் கழித்துத் தாய்லாந்து மீனவர்கள் மீட்டார்கள். கப்பலைக் காணவில்லை.

நவம்பரில் அது அரபிக் கடலில் அகப்பட்டது. பெயரை அழித்து 'மெகா ராமா' என்று எழுதியிருந்தார்கள். நம் கடலோரக் காவல்படையின் 'தாராபாய்' துரத்தியது, கடற்படையின் 'பிரஹார்' சேர்ந்துகொண்டது. கொள்ளையர்களைப் பிடித்துக் கப்பலை மும்பைக்குக் கொண்டுவந்தார்கள். ஜப்பான்காரர்களுக்கு அப்போது உறைத்தது: தங்கள் எண்ணெய்க் கப்பல்கள் போகும் பாதையில் உதவிக்கு வரக்கூடிய ஆள் இங்கே இருக்கிறார். 2000இல் இரு நாட்டுக் கடலோரக் காவல்படைகளும் கூட்டுப் பயிற்சியைத் தொடங்கின. அதுதான் 'சஹ்யோக்-கைஜின்'. சென்னைக் கடலுக்கு அப்பால் பலமுறை நடந்திருக்கிறது. ஒரு கப்பல் கடத்தப்பட்டதாக வைத்துக்கொண்டு இரு தரப்பும் சேர்ந்து மீட்பது அதில் வழக்கமான பாடம்.

(கொள்ளையர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்பீர்கள். கீழ்க் கோர்ட்டில் தண்டனை, உயர் நீதிமன்றத்தில் விடுதலை. கடற்கொள்ளைக்கென்று நம்மிடம் அப்போது தனிச் சட்டமே இல்லை. 2022இல்தான் வந்தது.)

கேள்வி: 2020இல் கையெழுத்தான ஒப்பந்தத்தால் ஜப்பானுக்கு இங்கே ராணுவத் தளம் கிடைத்துவிட்டதா?

இல்லை. இதைப் பெட்ரோல் பங்க் கணக்கு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஜப்பான் போர்க்கப்பல் ஒன்று பயிற்சிக்காக விசாகப்பட்டினம் வருகிறது. எரிபொருள் வேண்டும், குடிநீர் வேண்டும், ஒரு பம்ப் பழுது. முன்பெல்லாம் இப்படி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும். இப்போது ஒரே விதிமுறையின்படி வாங்கிக்கொண்டு, பிறகு கணக்குத் தீர்த்துவிடலாம். உணவு, எரிபொருள், போக்குவரத்து, மருத்துவம், உதிரி பாகங்கள், பழுதுபார்ப்பு எல்லாம் இதில் அடக்கம். நம் கப்பல் அங்கே போனாலும் இதே வசதி. 2020 செப்டம்பரில் கையெழுத்தானது, 2021 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. படிக்கச் சப்பென்று இருக்கும். ஆனால் என்னைக் கேட்டால், தலைவர்கள் கைகுலுக்கிய பல மாநாடுகளைவிட இது பெரிய காரியம். எண்ணெய் தீர்ந்த கப்பலுக்குப் பிரகடனத்தால் என்ன பயன்?

கேள்வி: நீரிலும் இறங்கும் ஜப்பான் விமானம் வாங்கப் போவதாகச் சொன்னார்களே?

யுஎஸ்-2. மூன்று மீட்டர் அலை இருந்தாலும் கடலில் இறங்கும், அருமையான விமானம். பத்தாண்டுக்கு மேல் பேசியாயிற்று, ஒன்றுகூட வரவில்லை. விலை அதிகம் என்பது ஒரு காரணம். இன்னொன்று, ஜப்பான் பல பத்தாண்டுகள் ஆயுத ஏற்றுமதிக்குக் கிட்டத்தட்டக் கதவையே சாத்தி வைத்திருந்த நாடு. 2014இல்தான் விதியைத் தளர்த்தியது. விற்றுப் பழக்கமில்லாதவரிடம், பேரம் பேசாமல் வாங்கிப் பழக்கமில்லாத நாம் போய் நின்றோம்! கடைசியில் 2024 நவம்பரில் கையெழுத்தானது போர்க்கப்பலில் பொருத்தும் 'யூனிகார்ன்' என்ற ஆண்டெனாக் கம்பத்துக்கு. பல ஆண்டெனாக்களை ஒரே கம்பத்துக்குள் அடக்கிவிடுவதால் எதிரி ராடாரில் கப்பல் அவ்வளவாகத் தெரியாது. பாரத் எலக்ட்ரானிக்ஸ் ஜப்பானோடு சேர்ந்து இதை இங்கேயே செய்வதாகத் திட்டம்.

கேள்வி: பொக்ரான் சோதனைக்குக் கோபப்பட்ட நாடுதானே?

ஆமாம், 1998இல் உதவிகளையே நிறுத்தி வைத்தார்கள். அணுகுண்டு விழுந்த நாடு, வேறு எப்படி நடந்துகொள்ளும்? 2000இல் பிரதமர் மோரி டெல்லி வந்தபிறகு பேச்சு சரியானது. 2016இல் சிவில் அணுசக்தி ஒப்பந்தமே போட்டார்கள். அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் சேராத நாட்டோடு ஜப்பான் அப்படிச் செய்தது அதுவே முதல் முறை. ஆனாலும் இந்தியா மறுபடி சோதனை நடத்தினால் ஒத்துழைப்பை நிறுத்துவோம் என்ற தன் நிலைப்பாட்டைத் தனிக் குறிப்பாகப் பதிவு செய்துவைத்தார்கள்.

கேள்வி: குவாட் என்பதும் இதுதானா?

இல்லை, அது அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் சேர்ந்த நால்வர் குழு. மலபார் என்ற கடற்படைக் கூட்டுப் பயிற்சியில் இன்று இருப்பவர்களும் அதே நால்வர்தான். ஜப்பான் அதில் 2015 முதல் நிரந்தர உறுப்பினர், ஆஸ்திரேலியா 2020இல் திரும்பி வந்தது.

கேள்வி: ரஷ்யா விஷயத்தில் இருவரும் எதிரெதிர் பக்கம். உறவு தாங்குமா?

தாங்கிக்கொண்டுதான் இருக்கிறது. உக்ரைன் போருக்குப் பின் ஜப்பான் ரஷ்யா மீது தடை போட்டது, நாம் ரஷ்ய எண்ணெய் வாங்கினோம். இருவரும் அதைப் பெரிதாக்கவில்லை. 2022இல் ரஷ்யா நடத்திய 'வோஸ்தோக்' பயிற்சியைப் பாருங்கள். நாம் தரைப்படையை அனுப்பினோம். ஜப்பானுக்குப் பக்கத்துக் கடலில் நடந்த பகுதிக்கு மட்டும் நம் கப்பல் போகவில்லை. அதற்கு அடுத்த வாரமே டோக்கியோவில் இரு நாட்டு வெளியுறவு, பாதுகாப்பு அமைச்சர்கள் நால்வரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தார்கள்.