தமிழ் சினிமா வசூலில் ஊருக்கு என்ன கிடைத்தது?

கேள்வி இது: "ஐநூறு கோடி, அறுநூறு கோடி வசூல் என்று செய்தி வருகிறது. தமிழ் சினிமாவால் தமிழ்நாட்டின் பொருளாதாரத்துக்கும் பண்பாட்டுக்கும் உண்மையில் என்ன பயன்?"

பயன் நிறைய இருந்தது, இன்னும் இருக்கிறது. ஆனால் கோடிக் கணக்கைப் பார்த்தால் அது தெரியாது. டிக்கெட் காசு எத்தனை கை மாறுகிறது, அதில் உள்ளூர்க் கை எத்தனை என்று பார்க்க வேண்டும்.

நான் மதுரைக்காரன். என் தாய்மாமா எம்.ஆர். ஏரியாவில் நெடுநாள் படப் பிரதிநிதியாக இருந்தார். எம்.ஆர். என்றால் மதுரை - ராமநாதபுரம். மாவட்டங்களை எத்தனை முறை பிரித்தாலும் சினிமா வியாபாரத்துக்குப் பழைய பெயர்கள்தான். வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு சேர்ந்தால் என்.எஸ்.சி. திருச்சி - தஞ்சாவூர் டி.டி. திருநெல்வேலி - கன்னியாகுமரி டி.கே. கோயம்புத்தூர், சேலம், சென்னை நகரம் தனித்தனி. தயாரிப்பாளர் ஏரியா ஏரியாவாகப் படத்தை விற்பார். வாங்கிய விநியோகஸ்தர் ஊர் ஊராகத் தியேட்டருக்குக் கொடுப்பார். அந்தத் தியேட்டரில் எத்தனை டிக்கெட் போனது என்று விநியோகஸ்தருக்குக் கணக்குச் சொல்கிற ஆள்தான் பிரதிநிதி. எல்லோரும் 'ரெப்' என்பார்கள்.

பள்ளி விடுமுறையில் மாமாவோடு உசிலம்பட்டி, கம்பம் என்று போயிருக்கிறேன். கவுண்டர் திறக்கும் முன்பே ஒவ்வொரு வகுப்பின் டிக்கெட் புத்தகத்திலும் முதல் எண்ணைக் குறித்துக்கொள்வார். கவுண்டர் மூடியதும் கடைசி எண். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் விற்பனை. இடைவேளையில் டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே ஒரு சுற்றுப் போய்த் தலை எண்ணிவிட்டு வருவார். தரை, பெஞ்சு, சேர் என்று எல்லா வகுப்பும் ஒத்துப்போனால்தான் டி.சி.ஆர். எனப்படும் அன்றாட வசூல் தாளில் கையெழுத்து. வாசலில் விசில் பறந்தால் நான் துள்ளுவேன். "கூட்டத்தப் பாத்து மயங்காத மாப்ள, கடைசி நம்பரப் பாரு" என்பார்.

அப்போதெல்லாம் படம் பெட்டியில், பஸ் ஏறி வரும். பக்கத்துப் பக்கத்து ஊர்த் தியேட்டர்கள் இரண்டு ஒரே பிரிண்டை ஓட்டுவதும் உண்டு. இங்கே ஓடி முடிந்த ரீலை ஒரு பையன் டி.வி.எஸ். ஐம்பதில் கட்டிக்கொண்டு அங்கே பறப்பான். வழியில் ரயில்வே கேட் மூடிவிட்டால் அந்தத் தியேட்டரில் இடைவேளை நீளும். ஆபரேட்டர் வாசலைப் பார்த்தபடி நிற்பார், முதலாளி திட்டிக்கொண்டிருப்பார், கேண்டீன்காரருக்கு மட்டும் முகம் மலரும்.

அந்தக் கேண்டீன் ஏலம் எடுத்த குத்தகை. சைக்கிள் ஸ்டாண்டு தனிக் குத்தகை. முறுக்கும் அதிரசமும் பின்தெருவில் இருந்த பெண்கள் சுட்டுக் கொடுப்பவை. போஸ்டர் சிவகாசி அச்சகத்தில் இருந்து கட்டுக்கட்டாக வரும். விடியற்காலையில் மைதாப் பசை வாளியோடு சைக்கிளில் கிளம்புகிறவருக்கு அன்றைக்குக் கூலி. மைக் கட்டிய வண்டியில் நோட்டீஸ் வீசிக்கொண்டு போகிறவருக்கும் கூலி. ஆபரேட்டர், டிக்கெட் கிழிப்பவர், கூட்டிப் பெருக்குபவர் ஆகியோருக்கு மாதச் சம்பளம். ஆட்டம் விட்டதும் எதிர்ப்புறப் புரோட்டாக் கடையில் கல் காயத் தொடங்கும். ஒரு தாலுகா ஊரில் ஒற்றைத் தியேட்டரை நம்பிப் பிழைத்த குடும்பங்களை எந்த வசூல் செய்தியும் கணக்கில் சேர்த்ததே கிடையாது.

இதில் முக்கியமான கணக்கு ஒன்று உண்டு, வெளியே பலருக்குத் தெரியாது. வரி போக மிஞ்சும் தொகையை விநியோகஸ்தரும் தியேட்டரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். முதல் வாரத்தில் பெரும்பங்கு விநியோகஸ்தருக்கு. பெரிய நடிகர் படமென்றால் அறுபது சதவீதத்துக்கு மேல்கூடப் போகும். வாரம் ஏற ஏற அவர் பங்கு குறைந்து தியேட்டரின் பங்கு கூடும். ஐம்பது நாள் ஓடும் படம் அந்த ஊரை வாழவைக்கும். மூன்று நாளில் கூட்டம் வடிந்துபோகும் படம் நடிகருக்கும் தயாரிப்பாளருக்கும் எத்தனை கோடி கொடுத்தாலும் ஊருக்குப் பெரிதாக எதுவும் விட்டுவைக்காது. இன்றைக்குத் தமிழ் சினிமா எங்கே நிற்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இந்த ஒரு கணக்குப் போதும் என்பது என் கருத்து.

பழைய காலத்தில் வசூல் ஊருக்குள்ளேயே முதலீடாக மாறியதற்கு மதுரையே சாட்சி. எம்.கே. தியாகராஜ பாகவதர் நடித்து 1937இல் வந்த 'சிந்தாமணி'யில் கிடைத்த லாபத்தில்தான் இங்கே சிந்தாமணி தியேட்டர் எழும்பியது. 1952 தீபாவளிக்கு 'பராசக்தி'யோடு திறந்த தங்கம் தியேட்டருக்கு 2,563 இருக்கைகள். ஆசியாவிலேயே பெரியது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். ஒரு ஆட்டத்துக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு பேர் என்றால் அந்தத் தெருவின் வியாபாரம் எப்படி இருந்திருக்கும்! இன்று அந்த இடத்தில் ஜவுளிக்கடை.

படத் தயாரிப்பும் முதலில் ஒரே ஊரில் குவிந்திருக்கவில்லை. சேலத்தில் டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் நூறு படங்களுக்கு மேல் எடுத்தது. கோவையில் சென்ட்ரல் ஸ்டுடியோவும் பட்சிராஜாவும் இருந்தன. ஏவி. மெய்யப்பன் காரைக்குடியில் ஸ்டுடியோ நடத்திவிட்டு 1948இல்தான் கோடம்பாக்கம் போனார். அதற்குப் பிறகு தச்சர், லைட்மேன், ஒப்பனைக்காரர், தையல்காரர், நடனக் கலைஞர் எல்லோரும் அங்கே திரண்டார்கள். பெப்சி என்று சொல்லும் தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனத்தில் இன்று இருபதுக்கும் மேற்பட்ட சங்கங்கள். பெரும்பாலோர் நாள் சம்பளம், பேட்டாவில் வாழ்கிறவர்கள். 2020இல் படப்பிடிப்பு நின்றபோது அரிசி, பருப்பு கொடுத்துத்தான் அவர்களைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. எழுபதுகளின் கடைசியில் கேமரா ஸ்டுடியோவை விட்டுக் கிராமத்துக்கு இறங்கியதும் பொள்ளாச்சிக்கும் கோபிச்செட்டிபாளையத்துக்கும் அதிர்ஷ்டம் அடித்தது. லாட்ஜ், வேன், சமையல், துணை நடிகர், வாடகைக்கு வீடு என்று அங்கே அது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்தது.

இனி பண்பாடு. இதுவும் தயாரிப்பாளரில் தொடங்கி ஊர்த் தியேட்டர் வரை நீண்ட அதே சங்கிலி வழியாகத்தான் வந்தது. தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து பார்த்த முதல் கலை அரங்கு சினிமாக் கொட்டகைதான், அங்கே இடத்தைத் தீர்மானித்தது பிறப்பு அல்ல, கையில் இருந்த காசு என்று இலங்கைப் பேராசிரியர் கா. சிவத்தம்பி எழுதினார். எங்கள் பக்கத்து ஊர்களை நினைத்தால் அந்தக் கருத்தின் கனம் விளங்கும். தேநீர்க் கடையில் தனி டம்ளர் வைத்திருந்த ஊரிலும் பெஞ்சு டிக்கெட்டுக்குத் தனி பெஞ்சு போட முடியவில்லை. சாதி ஒழிந்துவிடவில்லைதான். ஆனால் இரண்டரை மணி நேரம் தோள் உரச உட்கார்ந்து ஒரே இடத்தில் சிரித்து ஒரே இடத்தில் அழுததைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை.

பெண்களுக்கு அது இன்னும் பெரியது. எங்கள் அம்மா தலைமுறையில் கோயிலையும் சொந்தக்காரர் விசேஷத்தையும் விட்டால் வீட்டில் தடையில்லாமல் போக முடிந்த ஒரே இடம் மேட்னி ஆட்டம். தெருப் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து, சோறாக்கி இறக்கிவைத்துவிட்டு, கைக்குழந்தையோடு கிளம்புவார்கள். நல்லது கெட்டது பேசிக்கொள்வதற்கு அந்த நடைதான் அவர்களுக்கு வாய்த்தது.

மொழியும் அப்படித்தான் பரவியது. தியேட்டர் வாசலில் சில காசுக்கு விற்ற பாட்டுப் புத்தகத்தை எழுத்துக்கூட்டியே வாசிக்கப் பழகியவர்களை எனக்குத் தெரியும். கலைஞரின் வசனத்தை மனப்பாடமாக ஒப்பித்தவர்களில் பள்ளிக்கூடம் போகாதவர்களும் உண்டு. கல்யாண வீட்டிலும் திருவிழாவிலும் ஒலிச்சித்திரம், அதாவது படத்தின் வசனமும் பாட்டும் ஒலிப்பதிவாக, அலறும். தெற்குச் சீமையில் இலங்கை வானொலி தெளிவாகக் கேட்கும், அதனால் படம் ஊருக்கு வரும் முன்பே பாட்டு வந்துவிடும். அண்ணா, கலைஞர், எம்.ஜி.ஆர்., ஜானகி, ஜெயலலிதா என்று திரைத்துறையில் இருந்து ஐந்து முதலமைச்சர்கள் வந்ததற்கு இந்தச் சங்கிலிதான் அடித்தளம். 1972இல் எம்.ஜி.ஆர். தனிக்கட்சி தொடங்கியபோது அவருடைய ரசிகர் மன்றங்களே ஊர் ஊருக்குக் கிளைகளாக மாறின. வேறு எந்தக் கட்சிக்கும் அப்படி முதல் நாளிலேயே கிளைகள் கிடைத்திருக்காது.

கெடுதலையும் சொல்லியாக வேண்டும். தொண்ணூறுகளில் ஒரு சாதியின் வீரத்தைப் பாடிய பாட்டு, தெற்கு மாவட்டத் திருவிழாக்களில் அடுத்த தெருவைச் சீண்டுவதற்கென்றே போடப்பட்டது. 2000க்குப் பிறகு மதுரை என்றாலே அரிவாள், டாடா சுமோ, பழிக்குப் பழி என்று ஆக்கிவிட்டார்கள். வெளியூரில் வேலைக்குப் போன எங்கள் பையன்களிடம் "நீங்கல்லாம் அரிவாளோடதான் தூங்குவீங்களா?" என்று கேட்ட காலம் இருந்தது. புத்தகத் திருவிழாவுக்கும் ஜிகர்தண்டாவுக்கும் ராத்திரி முழுக்க இட்லி அவிக்கிற கடைகளுக்கும் பேர்போன ஊரை அப்படிக் காட்டியதில் எனக்கு இன்னமும் கோபம் உண்டு. பா. இரஞ்சித், மாரி செல்வராஜ் போன்றவர்கள் வந்த பிறகுதான் அடி வாங்குகிறவன் பக்கமிருந்தும் கதை வரத் தொடங்கியது. அதையும் இதே திரைதான் தந்தது.

பெட்டி போய் டிஜிட்டல் வந்ததும் சங்கிலி ஒவ்வொரு கண்ணியாகக் கழன்றது. படம் இப்போது சர்வரில் வருகிறது. அதைத் திறக்க கே.டி.எம். என்ற மின்னணுச் சாவி வேண்டும். முன்பு தயாரிப்பாளரின் கடன் தீராவிட்டால் பிரிண்ட் போடும் லேபில் இருந்து பெட்டி வராது, இப்போது கே.டி.எம். வராது. காலைக் காட்சி ரத்து என்று செய்தி வந்தால் பெரும்பாலும் காரணம் வட்டிக்கடன்தான். டிஜிட்டல் திரையிடும் கட்டணத்தை யார் ஏற்பது என்ற சண்டையில் 2018 மார்ச் முதல் ஒன்றரை மாதம் புதுப் படமே வெளியாகவில்லை. ரீல் பையன், கார்பன் குச்சி எரித்துப் புரொஜெக்டர் ஓட்டிய ஆபரேட்டர், டிக்கெட் புத்தகம் மூன்றும் போயின. கணக்கும் கணினிக்குப் போனதால் மாமாவின் வேலைக்கும் தேவை குறைந்தது.

இவை தொழில்நுட்ப மாற்றம், தடுக்க முடியாது. ஆனால் தடுத்திருக்கக்கூடியது ஒன்று உண்டு. தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் நான்கே வாரத்தில் ஓ.டி.டி.க்கு வந்துவிடுகின்றன. மூன்றாம் வாரம் பார்க்க நினைப்பவர் "இன்னும் பத்து நாள்ல வீட்லயே வரும்" என்று இருந்துவிடுகிறார். மேலே சொன்ன பங்குக் கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள். தியேட்டருக்கு நல்ல பங்கு கிடைக்கவேண்டிய வாரங்களே காணாமல் போய்விட்டன. தியேட்டருக்கு மிஞ்சிய வருமானம் பார்க்கிங்கும் பாப்கார்னும்தான். அதனால் அவற்றின் விலை ஏறுகிறது, விலை ஏறியதால் குடும்பத்தோடு வருகிறவர்கள் குறைகிறார்கள், கடைசியில் தியேட்டர் கல்யாண மண்டபம் ஆகிறது. தியேட்டர்காரர்கள் எட்டு வாரம் கேட்கிறார்கள். நியாயமான கோரிக்கை. இரண்டாம் வாரத்தில் இருந்து வார நாட்களில் டிக்கெட் விலையைக் குறைப்பதையும் அதோடு சேர்த்துச் செய்ய வேண்டும். அரசு வைத்திருப்பது உச்சவரம்புதான், குறைத்து விற்பதற்குத் தடையில்லை.

விலை சரியாக இருந்தால் கூட்டம் வரும் என்பதை மறுவெளியீடுகள் காட்டின. 2024 ஏப்ரலில் இருபது வருஷப் பழைய விஜய் படம் ஒன்று, டிவியில் எத்தனையோ முறை ஓடித் தேய்ந்த பிறகும், அரங்கம் நிறைய ஓடியது. பாட்டுக்குப் பாட்டு எழுந்து ஆடினார்கள். கூடிப் பார்க்கும் ஆசை மக்களிடம் அப்படியே இருக்கிறது.

ஆகவே, கேட்டவருக்கு: உங்கள் ஊரில் ஒற்றைத் திரை தியேட்டர் ஒன்று இன்னும் ஓடினால், பிடித்த படத்தை இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் வீட்டாரோடு போய்ப் பாருங்கள். முதல் நாள் டிக்கெட்டைவிட அந்த டிக்கெட்டில்தான் உங்கள் ஊருக்கு அதிகக் காசு தங்கும்.