லோயர் ஆர்ம் புஷ் ஒரே வருஷத்துல ஏன் கிழியுது, வீட்டுலயே மாத்தலாமா?

கேள்வி: பள்ளத்துல இறங்கினா முன்னாடி இடது பக்கம் 'டொக்'னு சத்தம் வருது. லோயர் ஆர்ம் புஷ் போயிடுச்சுன்னு மெக்கானிக் சொல்றார். போன வருஷம்தான் புதுசு போட்டோம், அதுக்குள்ள ரப்பர் கிழிஞ்சிருக்கு. இந்த தடவ நானே மாத்தலாம்னு பாக்குறேன், புஷ்ஷ அழுத்தி தள்ளுற பிரஸ் மெஷின் இல்ல. முடியுமா?

முடியும். ஆனா மொதல்ல அது ஏன் ஒரு வருஷத்துல கிழிஞ்சுதுன்னு பாத்துடுவோம், இல்லன்னா நீங்க போடுற புஷ்ஷும் அதே கதிதான். லோயர் ஆர்ம்ங்கிறது சக்கரத்த வண்டியோட அடிச்சட்டத்தோட இணைக்குற கை, அது வண்டியோட சேர்ற எடத்துலதான் புஷ் இருக்கு. அந்த புஷ்ல வெளிய ஒரு இரும்பு குழாய், உள்ள ஒரு இரும்பு குழாய், நடுவுல ரப்பர், அது ரெண்டு பக்கமும் நல்லா ஒட்டியிருக்கும். போல்ட்ட இறுக்கினதும் உள் குழாய் வண்டியோட பூட்டிக்கும், சுத்தவே சுத்தாது, ஆர்ம் மேலயும் கீழயும் போகும்போது ரப்பர்தான் முறுக்கிக்கிட்டு திரும்பி வருது. இப்ப வண்டிய தூக்கி சக்கரம் தொங்கிட்டு இருக்கும்போதே போல்ட்ட இறுக்கிட்டா என்ன ஆகும், வண்டி கீழ இறங்கி சும்மா நிக்கும்போதே ரப்பர் முறுக்கினபடிதான் இருக்கும், அதுக்கு மேல ஒவ்வொரு பள்ளத்துக்கும் இன்னும் முறுக்கும். உங்க புஷ் சீக்கிரம் போனதுக்கு மட்டமான பார்ட் காரணமா இருக்கலாம், ஆனா என் சந்தேகம் இது மேலதான், ஏன்னா லிஃப்ட்ல தூக்கி வேல பாக்குறப்போ அவசரத்துல எல்லாரும் அப்படியே இறுக்கி விட்டுடுவாங்க.

கழட்டுறதுக்கு முன்னாடி புஷ்தானான்னு உறுதி பண்ணிக்கோங்க, பால் ஜாயின்டும் (ஆர்ம் சக்கரத்து பக்கம் சேர்ற உருண்டை மூட்டு) ஸ்டேபிலைசர் லிங்க்கும் (வண்டி சாயாம பிடிக்குற கம்பிய இணைக்குற சின்ன தண்டு) கூட இதே 'டொக்' சத்தம் கொடுக்கும். புஷ் பக்கத்துல ஒரு பார் வெச்சு நெம்புங்க, ரப்பர் இரும்ப விட்டு பிரிஞ்சு இடைவெளி தெரிஞ்சா போச்சுன்னு அர்த்தம், மேலாக்குல மெல்லிசா வெடிப்பு மட்டும் இருந்தா பெரிய விஷயமில்ல. பால் ஜாயின்டும் ஆடுதுன்னா, புஷ்ஷும் பால் ஜாயின்டும் சேந்தே வர்ற முழு ஆர்ம் வாங்கி மாட்டிடுங்க. பிரஸ் இல்லாதவங்களுக்கு அதுதான் புத்திசாலித்தனம், பாதி வேல மிச்சம்.

புஷ் மட்டும்தான்னா, தரைல வண்டி நிக்கும்போதே வீல் சென்டர்லேர்ந்து நேர் மேல ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேல இருக்குற பாடி தகடு) விளிம்பு வரைக்கும் டேப்ல அளந்து எழுதி வெச்சுக்கோங்க, கடைசில இது வேணும். அப்புறம் ஹேண்ட்பிரேக், பின் சக்கரத்துக்கு கட்டை, பாடிக்கு கீழ ஸ்டாண்ட். ஜாக்கிய மட்டும் நம்பி அடியில போகாதீங்க, இதுல பேச்சே கிடையாது. ஸ்ட்ரட்ட (ஷாக் அப்சார்பர் தூண்) சுத்தியே ஸ்பிரிங் இருக்குற வண்டின்னா ஆர்ம் கழட்டுறது பயமில்ல, ஸ்ட்ரட் மேல நடு நட்ட மட்டும் தொடாதீங்க. ஸ்பிரிங் நேரா லோயர் ஆர்ம் மேலயே உக்காந்திருக்குற வண்டின்னா இந்த வேல வீட்டுக்கு வேணாம், அது எகிறுனா ஆளையே அடிச்சிடும்.

ஆர்ம் வெளிய வந்ததும் பழைய புஷ் எந்த திசைல உக்காந்திருக்குன்னு ஆர்ம் மேலயே கோடு போட்டு போட்டோ எடுத்துக்கோங்க. நெறய புஷ்ல ரப்பருக்கு நடுவுல வேணும்னே ஓட்டை விட்டிருப்பாங்க, அது ஒரு திசைல மெதுவாவும் இன்னொரு திசைல கெட்டியாவும் இருக்கத்தான், திருப்பி போட்டா வண்டி பிரேக் அடிக்கும்போது இழுக்கும். பிரஸ்சுக்கு பதிலா தடிமனான த்ரெட் ராட் (முழுக்க மரை போட்ட கம்பி) ஒண்ண புஷ் வழியா விட்டு, ரெண்டு நட்டு, வாஷர், ஒரு பக்கம் புஷ் உள்ள விழற அளவு குழாய் துண்டு, இன்னொரு பக்கம் புஷ்ஷோட வெளி குழாய தள்ளுற அளவு சாக்கெட் வெச்சுக்கோங்க, நட்ட இறுக்க இறுக்க புஷ் மெதுவா நகரும். நகரலன்னா ரப்பர டிரில்ல அறுத்து எடுத்துட்டு ஹேக்ஸா பிளேட உள்ள விட்டு வெளி குழாய ஒரு பக்கம் அறுங்க, ஆர்ம்ல பிளேடு படாம. சிலர் ரப்பர எரிச்சு எடுப்பாங்க, அந்த புகை மோசம், வேணாம்.

புதுச தள்ளும்போது வெளி குழாய மட்டும் தள்ளணும், உள் குழாய்ல பலம் விழுந்தா மாட்டும்போதே ரப்பர் பிரிஞ்சிடும். சுத்தியால அடிக்காதீங்க. வழுக்க சோப்பு தண்ணி போதும், கிரீஸ் வேணாம், எண்ணெய் பட்டா ரப்பர் ஊதிடும். (பாலியூரித்தேன் புஷ் வேற ரகம், அதுல உள் குழாய் சுத்தும், அதுக்கு தர்ற கிரீஸ் போட்டே ஆகணும், ஆனா தினமும் ஓட்டுற வண்டிக்கு அந்த அதிர்வும் கீச் சத்தமும் தேவையான்னு யோசிங்க.)

ஆர்ம மாட்டி போல்ட்ட கைல லூசா மட்டும் விடுங்க. பால் ஜாயின்டுக்கு கீழ ஜாக்கி கொடுத்து, எழுதி வெச்ச அளவு வர்ற வரைக்கும் தூக்கி, அப்பதான் போல்ட்ட முழுசா இறுக்குங்க. அந்த அளவு வர்றதுக்கு முன்னாடியே வண்டி ஸ்டாண்ட விட்டு கிளம்பப் பாத்தா நிறுத்திடுங்க, அப்படின்னா சக்கரம் மாட்டி ரேம்ப் மேல ஏத்தி இறுக்குறதுதான் வழி. டார்க் (எவ்வளவு பலத்துல இறுக்கணும்ங்கிற அளவு) எவ்வளவுன்னு உங்க வண்டி சர்வீஸ் மேனுவல்ல பாருங்க, அதுல ஒருதடவ மட்டும் போடுற போல்ட்னு போட்டிருந்தா புதுசுதான் போடணும். வலது பக்கமும் சேத்து மாத்திடுங்க. கொஞ்ச தூரம் ஓட்டிட்டு போல்ட்ட ஒரு தடவ செக் பண்ணி, நேரா வீல் அலைன்மென்ட்டுக்கு போங்க.