1898இல் ஸ்பெயின் யாரிடம் தோற்றது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஸ்பானியக் காலனி ஆட்சி எப்படி முடிந்தது என்று கேட்டு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, ஆறு கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: 1898இல் அமெரிக்காவிடம் தோற்றதால்தான் ஸ்பெயினின் பேரரசு அழிந்தது என்று படித்திருக்கிறேன். சரிதானா?

1898இல் போனது மிச்சம் மீதிதான். மெக்சிகோவிலிருந்து அர்ஜென்டினா வரை பரந்துகிடந்த பெருநிலம் அதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே கைவிட்டுப் போயிருந்தது.

1808இல் நெப்போலியன் ஸ்பெயினின் அரச குடும்பத்தை பிரான்சின் பயோன் நகருக்கு வரவழைத்தார். நான்காம் கார்லோஸ், அவர் மகன் ஏழாம் ஃபெர்டினாண்ட் இருவரையும் முடிதுறக்க வைத்து, தன் அண்ணன் ஜோசப்பை அரியணையில் உட்காரவைத்தார். கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு ஒரு சிக்கல் வந்தது. அரசரே இல்லை, இனி யார் சொல்லுக்குக் கட்டுப்படுவது? 1810 ஏப்ரலில் கராகஸிலும் மே மாதம் புவெனஸ் அயர்ஸிலும் ஊர்ப் பெரியவர்கள் தாங்களே ஆளுங்குழு அமைத்துக்கொண்டார்கள். கவனியுங்கள், அவை ஃபெர்டினாண்டின் பெயரால்தான் அமைந்தன. பிரிந்துபோகிறோம் என்று அப்போது வெளிப்படையாகச் சொன்னவர்கள் குறைவு.

1814இல் ஃபெர்டினாண்ட் திரும்பி வந்தார். பேசித் தீர்க்க அவருக்கு வழி இருந்தது. 1812இல் ஸ்பெயினின் காடிஸ் நகரில் எழுதப்பட்ட அரசியல் சட்டத்தில் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த காலனிகளுக்கும் பிரதிநிதிகள் உண்டு. அவர் அதைத் தூக்கி எறிந்துவிட்டு, 1815இல் தளபதி மொரில்யோவோடு சுமார் 10,000 வீரர்களைக் கப்பலேற்றினார். பேரரசு தோற்ற இடம் இதுதான் என்பது என் கருத்து. மிரட்டலுக்குப் பணியாதவர்கள் விடுதலைத் தளபதிகளான பொலிவார் பின்னாலும் சான் மார்ட்டின் பின்னாலும் திரண்டார்கள்.

அப்புறம் 1820 ஜனவரி 1. காலனிகளுக்கு அனுப்புவதற்காக காடிஸ் பக்கம் திரட்டி வைத்திருந்த படையில் ரியேகோ என்ற அதிகாரி கலகம் செய்தார். கப்பலேறிப் போய்ச் சாக அந்த வீரர்களுக்கு மனமில்லை. அந்தப் படை கிளம்பவே இல்லை. மறு ஆண்டே மெக்சிகோ ஸ்பெயினின் கைவிட்டுப் போனது. 1824 டிசம்பர் 9 அன்று பெருவின் அயாகுச்சோவில் பொலிவாரின் தளபதி சுக்ரே வென்றார். தென் அமெரிக்க நிலத்தில் ஸ்பெயினின் கதை அத்தோடு முடிந்தது. காயாவ் துறைமுகக் கோட்டையில் ஒரு தளபதி 1826 ஜனவரி வரை பிடிவாதமாக உட்கார்ந்திருந்தார்.

கேள்வி: அமெரிக்கப் பெருநிலம் எல்லாம் விடுபட்டபோது கியூபா ஏன் ஸ்பெயினோடு இருந்தது?

சர்க்கரை, அடிமை முறை, பயம். பக்கத்துத் தீவான ஹைட்டியில் 1791இல் எழுந்த அடிமைகள் வெள்ளைத் தோட்ட முதலாளிகளின் ஆட்சியையே ஒழித்துவிட்டார்கள். அதைப் பார்த்த கியூபாவின் கரும்புத் தோட்டக்காரர்கள் ஸ்பானியப் படையைத் தங்கள் காவலாக நினைத்தார்கள்.

1868 அக்டோபர் 10 அன்று அந்த முடிச்சு அவிழத் தொடங்கியது. கார்லோஸ் மனுவேல் தே செஸ்பெதேஸ் என்ற தோட்டக்காரர் தன் அடிமைகளை விடுவித்துவிட்டு விடுதலைப் போரை அறிவித்தார். பத்து ஆண்டுகள் நடந்த அந்தப் போர் 1878இல் ஒரு சமரசத்தில் முடிந்தது. கறுப்பினத் தளபதி அந்தோனியோ மசேயோ அதை ஏற்கவில்லை. விடுதலையும் இல்லாமல், அடிமை ஒழிப்பும் இல்லாமல் என்ன சமாதானம் என்று கியூபாவின் பராகுவாவில் ஸ்பானியத் தளபதியிடம் நேருக்கு நேர் மறுத்துவிட்டார். கியூபாவில் அடிமை முறை ஒழிய 1886 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கேள்வி: ஹவானாவில் அமெரிக்கக் கப்பல் 'மெய்ன்' வெடித்ததற்கு ஸ்பெயின்தான் காரணமா?

1898 பிப்ரவரி 15 இரவு அது வெடித்து 260க்கும் மேற்பட்ட மாலுமிகள் இறந்தார்கள். கண்ணிவெடி என்றது அமெரிக்கக் கடற்படையின் அன்றைய விசாரணை. ஏப்ரலில் அமெரிக்காவும் ஸ்பெயினும் போரில் இறங்கின. 1976இல் அதே கடற்படையின் அட்மிரல் ரிக்கோவர் தலைமையில் நடந்த ஆய்வு, கப்பலுக்குள்ளேயே நிலக்கரி அறையில் பிடித்த தீ பக்கத்து வெடிமருந்து அறைக்குப் பரவியிருக்கலாம் என்றது. நானும் அதையே நம்புகிறேன்.

கேள்வி: அப்படியானால் கியூபாவையும் பிலிப்பைன்ஸையும் விடுவித்தது அமெரிக்காவா, அந்த மக்களேவா?

இந்தக் கேள்விக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் கியூபா. 1895இல் மீண்டும் போர் மூண்டது. ஸ்பெயின் அனுப்பிய வீரர்கள் சுமார் 2 லட்சம் பேர். சண்டையில் செத்தவர்களைவிட மஞ்சள் காய்ச்சல் போன்ற நோய்களுக்குப் பலியானவர்கள் அதிகம். போராளிகளுக்குச் சோறு போடுகிறார்கள் என்று கிராமத்து மக்களை வேலியிட்ட ஊர்களுக்குள் அடைத்தார் தளபதி வெய்லர். பசியிலும் நோயிலும் ஒரு லட்சத்துக்கு மேல் மாண்டார்கள். அப்படியும் ஸ்பெயினால் வெல்ல முடியவில்லை. அமெரிக்கா வந்து இறங்கியது அதற்குப் பிறகுதான். 1898 ஜூலை 17 அன்று சாந்தியாகோ நகரம் சரணடைந்தபோது, அதற்காகக் கூடவே நின்று போரிட்ட கலிக்ஸ்டோ கார்சியாவின் கியூபப் படையை அமெரிக்கர்கள் ஊருக்குள் விடவில்லை.

பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில் நடந்தது இன்னும் மோசம். பொனிஃபாசியோ தொடங்கிய கத்திபுனான் என்ற ரகசியச் சங்கம் 1896 ஆகஸ்டில் கிளர்ந்தெழுந்தது. டிசம்பர் 30 அன்று ஸ்பானியர்கள் எழுத்தாளரும் கண் மருத்துவருமான ஹோசே ரிசாலைச் சுட்டுக்கொன்றார்கள். ஆயுதக் கிளர்ச்சிக்கு ஆதரவு தராத மனிதர் அவர். அவரையே கொன்ற பிறகு யார் நடுவில் நிற்பார்கள்? 1898 ஜூன் 12 அன்று கவித் ஊரில் கிளர்ச்சித் தலைவர் அகினால்டோ விடுதலையை அறிவித்தார். மணிலாவைச் சுற்றி வளைத்து நின்றதும் அவர் படைதான்.

ஆகஸ்ட் 13 அன்று ஒரு நாடகம் நடந்தது. பெல்ஜியத் தூதர் வழியாக ஸ்பானிய ஆளுநரும் அமெரிக்கத் தளபதிகளும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் சுடுவது, பிறகு வெள்ளைக்கொடி காட்டுவது. பிலிப்பைன்ஸ்காரர்களிடம் சரணடையும் அவமானம் ஸ்பெயினுக்கு வேண்டாம், மணிலா அமெரிக்காவுக்கு வேண்டும். பாரிஸில் பேச்சுவார்த்தை நடந்தபோது அகினால்டோவின் தூதர் ஃபெலிபே அகோன்சில்யோவை உள்ளே சேர்க்கவில்லை. டிசம்பர் 10 ஒப்பந்தப்படி 2 கோடி டாலருக்கு ஒரு நாடு கைமாறியது, அந்த நாட்டு மக்களில் ஒருவர்கூட அங்கே இல்லாமல். 1899 பிப்ரவரியில் அவர்கள் மறுபடி போரிட வேண்டியதாயிற்று, இம்முறை அமெரிக்காவோடு. விடுதலை வந்தது 1946இல்.

சண்டை செய்து ஸ்பெயினைத் தளர வைத்தவர் ஒருவர், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டவர் இன்னொருவர். பள்ளிப் பாடம் இரண்டாமவரின் பெயரை மட்டும் சொல்வது எனக்கு இன்றும் மனதைச் சுடுகிறது.

கேள்வி: இந்த வரலாற்றில் தமிழ்நாட்டுக்குத் தொடர்பு ஏதாவது உண்டா?

உண்டு. 1762இல் மணிலாவைப் பிடித்த பிரிட்டிஷ் படை கிளம்பியதே சென்னையிலிருந்துதான். அதில் சில நூறு மெட்ராஸ் சிப்பாய்கள் இருந்தார்கள். அக்டோபரில் மணிலா விழுந்தது. 1763 பிப்ரவரியில் ஐரோப்பாவில் சமாதானம் கையெழுத்தானபோது, மணிலா விழுந்த செய்தி ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கவே இல்லை! 1764இல் பிரிட்டிஷார் திரும்பினார்கள். சிப்பாய்களில் சிலர் அங்கேயே தங்கி மணம் முடித்துக்கொண்டார்கள். மணிலாவுக்குப் பக்கத்தில் உள்ள காயின்டாவில் அவர்கள் வழிவந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஸ்பெயினை யாராலும் அசைக்க முடியாது என்ற நினைப்பு அந்தத் தீவுகளில் முதலில் ஆட்டம் கண்டது அப்போதுதான். இலோகோஸ் பகுதியில் டியேகோ சிலாங் கலகம் செய்ததும், அவர் கொல்லப்பட்டபின் மனைவி கப்ரியேலா படை நடத்தியதும் அதே சமயத்தில்தான்.

கேள்வி: ஸ்பெயினிடம் காலனி எதுவும் இன்று மிச்சம் இருக்கிறதா?

மொராக்கோ கரையில் உள்ள செயூத்தா, மெலில்யா நகரங்களைத் தன் நாட்டின் பகுதி என்கிறது ஸ்பெயின். மொராக்கோ ஏற்கவில்லை. எக்குவடோரியல் கினி 1968இல் விடுதலை பெற்றது.

முடியாத கணக்கு மேற்கு சஹாரா. 1975இல் அது ஸ்பெயினின் கையில் இருந்தது. ஸ்பெயினின் சர்வாதிகாரி ஃபிராங்கோ மரணப்படுக்கையில் இருந்தார். நவம்பர் 6 அன்று மொராக்கோ மன்னர் இரண்டாம் ஹசன் மூன்றரை லட்சம் மக்களை எல்லை நோக்கி நடக்க வைத்தார். எட்டே நாளில் மாட்ரிட்டில் ஒரு ஒப்பந்தம் போட்டு, நிர்வாகத்தை மொராக்கோவுக்கும் மொரிட்டானியாவுக்கும் விட்டுக்கொடுத்தது ஸ்பெயின். அந்த மண்ணின் சஹ்ராவி மக்களுக்குத் தங்கள் முடிவைத் தாங்களே எடுக்கும் உரிமை உண்டு என்று சர்வதேச நீதிமன்றம் அதற்கு முந்தைய மாதம்தான் கருத்துச் சொல்லியிருந்தது. பாரிஸில் அகோன்சில்யோவுக்கு நேர்ந்ததே மாட்ரிட்டில் சஹ்ராவிகளுக்கும் நேர்ந்தது. வாக்கெடுப்பு நடத்த 1991இல் ஐ.நா. குழு போனது. அந்த வாக்கெடுப்பு இன்னும் நடக்கவில்லை. அல்ஜீரியாவின் திண்டூஃபில் உள்ள சஹ்ராவி அகதி முகாம்களில் பிறந்த பிள்ளைகளுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் பிறக்கிறார்கள்.