உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒரு பாட்டு

அன்புள்ள ஐயா,

கோவையில் கல்யாண வரவேற்புகளில் டிஜேவாக இருக்கிறேன். வேகமும் சுருதியும் பொருந்துகிறது என்று மென்பொருள் காட்டுவதைத்தான் அடுத்த பாட்டாகப் போடுகிறேன். ஆனாலும் முக்கால் மணி நேரத்தில் கூட்டம் கலைந்துவிடுகிறது. போன மாதம் ஒரு பெரியவர் வந்து பி.சுசீலா பாட்டு கேட்டார். ஃப்ளோ உடைந்துவிடும் என்று போடவில்லை. அடுத்த பாட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது? பாட்டுகளைக் கலந்து போடும் கருவி, நல்ல கன்ட்ரோலர் ஒன்றும் சொல்லுங்கள்.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

கன்ட்ரோலரைக் கடையில் கேளுங்கள். மென்பொருளை நான் திட்டப்போவதில்லை. ஆறெட்டுத் தாளத்தில் போகும் நம் குத்துப்பாட்டை அது நாலு நாலாக எண்ணித் தடுமாறும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். சுருதி சேரவில்லை என்று எந்த மண்டபத்திலும் யாரும் எழுந்து போனதில்லை.

பெரியவர் விஷயம்தான் உறுத்துகிறது. ஃப்ளோவாம், ஃப்ளோ! கூட்டம் கலைந்துவிட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உடைவதற்கு அங்கே என்ன மிச்சம் இருந்தது?

எங்கள் ஊர் அம்மன் கோயில் திருவிழாவான கொடைக்கு மைக் செட் போட வந்துகொண்டிருந்தவரைக் கொஞ்ச நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதமும் வந்தது. திருநெல்வேலிப் பக்கம் கொடை என்றால் நையாண்டி மேளம், வில்லுப்பாட்டு, சாமியாட்டம் என்று இரவெல்லாம் போகும். நடுவில் விழும் இடைவெளிகள் செட்டுக்காரரின் ராஜ்யம். வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கர், கீழே பெஞ்சில் ஆம்ப்ளிஃபயர், பக்கத்தில் மரப்பெட்டி நிறைய ரெக்கார்டுகள். ஓடுகிற ரெக்கார்டை அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அடுத்ததை உறையிலிருந்து உருவி, ஓரத்தை மட்டும் பிடித்து, தோள் துண்டால் துடைத்துக்கொண்டே கூட்டத்தைக் கண்ணால் மேய்வார். சில சமயம் துடைத்ததை உறைக்குள் திரும்பச் செருகிவிட்டு வேறொன்றை எடுப்பார்.

சாமக்கொடையில் மேளம் உச்சத்துக்குப் போய், சாமி மலையேறி, ஆடியவரைத் தண்ணீர் தெளித்து உட்காரவைப்பார்கள். இளவட்டங்கள் ஓடிவந்து புதுப்படப் பாட்டு கேட்கும். "சும்மா இருங்கலே" என்பார். குழாயில் பழைய சுசீலா பாட்டு ஒன்று, சத்தம் குறைத்து வரும். பெண்கள் காலை நீட்டி உட்காருவார்கள், சுக்குக்காபி வரும், வில்லுக்காரர் குடத்தை எடுத்துவைப்பார். ஒருத்தரும் வீட்டுக்குப் போகவில்லை, கவனியுங்கள். பையன்களின் பாட்டு அதற்கப்புறம்தான்.

நீங்கள் என்ன செய்கிறீர்கள்? ஆடுகிற இருபது பேருக்காக, உட்கார்ந்திருக்கும் இருநூறு பேரை மறந்துவிடுகிறீர்கள். ஆடுகிறவன் களைத்து ஒதுங்கினால் அவன் இடத்துக்கு வரவேண்டியது நாற்காலியில் இருக்கும் அத்தையும் சித்தப்பாவும். அவர்களுக்கென்று ஒரு பாட்டுகூடப் போடவில்லை. மூச்சுவிட இடம் தராமல் விரட்டிவிட்டு ஆள் நிற்கவில்லை என்று புலம்பினால் எப்படி? ஆடவைக்கிற பாட்டை எவனும் போட்டுவிடுவான் தம்பி. ஆட்டத்தை நிறுத்திய பிறகும் ஆளைக் கலையாமல் வைத்திருக்கும் பாட்டு உங்கள் பட்டியலில் ஒன்றாவது இருக்கிறதா?

பட்டிக்காட்டுப் பேச்சாகத் தோன்றினால் நியூயார்க்குக்கே போவோம். 1970-இல் தன் வீட்டிலேயே 'லாஃப்ட்' என்ற நடன விருந்துகளைத் தொடங்கிய டிஜே டேவிட் மான்குசோ, அமைதியாக ஆரம்பித்து, உச்சிக்கு ஏற்றி, மறுபடி நிதானமாக இறக்கிக் கொண்டுவந்து விடுவார். பின்னாளில் பாட்டோடு பாட்டைக் கலப்பதையே விட்டார். ஒவ்வொன்றையும் கடைசிவரை ஓடவிட்டார். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே மௌனம் விழுந்தது, உங்கள் ஃப்ளோவுக்கு ஆகாத மௌனம். ஆனாலும் ஆட்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள். 1973-இல் அதே ஊரின் பிராங்க்ஸ் பகுதியில் தங்கை வைத்த விருந்தில் ரெக்கார்டு போட்ட டிஜே கூல் ஹெர்க் இதற்கு நேர்மாறு. தாளம் மட்டும் தனித்து ஒலிக்கும் துண்டை, ஒரே பாட்டின் இரண்டு ரெக்கார்டுகளில் மாற்றி மாற்றி நீட்டியவர் அவர். எங்கிருந்து பிடித்தார் அந்த வித்தையை? ஆடுகிறவர்கள் அந்தத் துண்டுக்காகவே காத்துக் கிடப்பதை நின்று பார்த்துத்தான்.

ஆகவே ஒரு இருபது நிமிஷம் பழைய பாட்டுகளை முழுசாக, இரண்டு சரணமும் சேர்த்து ஓடவிடுங்கள். வாங்கிய காசுக்கு சும்மா நிற்கிறான் என்று பெண்வீட்டார் நினைப்பார்களோ என்று பயம் வரும். நினைத்துவிட்டுப் போகட்டும். அந்த நேரத்தில் நீங்களும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். மத்தியானத்திலிருந்து வயரும் பெட்டியுமாகத் தூக்கி அலைந்திருப்பீர்கள். இலைக்கு முன்னால் எந்த அத்தையின் விரல் தாளம் போடுகிறது என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

அன்புடன்.