ஃப்ரீசர் கூலிங் ஆகலையா? கேஸ் போடறதுக்கு முன்னாடி இதப் படிச்சிடுங்க

இந்த தடவ வந்த கேள்விங்கள்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், ஃபிரிட்ஜ்ல கூலிங் இல்ல, பாக்க வந்தவரு கேஸ் போயிடுச்சுன்னு சொல்றாரு, போடலாமான்னு. குளிர உண்டாக்கற அந்த கேஸ் என்ன பெட்ரோல் மாதிரி ஓட ஓட தீர்ற சமாச்சாரமா? பைப்புக்குள்ளயே சுத்திக்கிட்டு இருக்கறது, எங்கயாச்சும் லீக் ஆனாதான் குறையும். அதனால கடைசியா சந்தேகப்பட வேண்டியத மொதல்லயே சந்தேகப்படாதீங்க.

லாஸ்பேட்டைலேர்ந்து: டபுள் டோர், ஃப்ராஸ்ட் ஃப்ரீ (பனிய தானா உருக்கிக்கிற மாடல்). மேல ஐஸ் கட்டி கட்டியா இருக்கு, கீழ வச்ச பால் காலைல திரிஞ்சி போகுது. கேஸ் கம்மியா அண்ணே?

மேல நல்லா உறையுதுன்னா கேஸ் மேல பழி போடறதுக்கு இப்ப வேலையே இல்லம்மா. உங்க மாடல்ல குளிர் உண்டாகறது ஒரே எடத்துல, ஃப்ரீசர் பின்பக்க பேனலுக்கு உள்ள இருக்கற காயில்ல. அங்கேர்ந்து ஒரு ஃபேன்தான் காத்த கீழ தள்ளிவிடுது, அந்த வழி அடைச்சா கீழ சூடுதான். மொதல்ல மேல் கதவத் தெறந்து டோர் சுவிட்ச விரலால அழுத்திப் பாருங்க, கம்ப்ரசர் ஓடிக்கிட்டு இருக்கறப்ப ஃபேன் சத்தம் கேக்கணும். கேக்கலன்னா மோட்டார் போயிருக்கும், இல்ல ஐஸ்ல றெக்க மாட்டிக்கிட்டு நிக்கும். பின் பேனல்ல பனி பூத்திருக்கான்னும் பாருங்க. இருந்தா உள்ள காயிலே ஐஸ்ல மூடிப் போச்சுன்னு அர்த்தம், அந்த ஐஸ அப்பப்ப உருக்கற டிஃப்ராஸ்ட் ஹீட்டரோ, அதுக்கு சுவிட்ச் மாதிரி இருக்கற பைமெட்டலோ, சென்சாரோ வேலை செய்யல. சாமானெல்லாம் பக்கத்து வீட்ல குடுத்துட்டு பிளக்க புடுங்கி ரெண்டு கதவையும் தெறந்து ஒரு நாள் முழுக்க விடுங்க, கீழ பழைய துணி போட்டுக்கோங்க, தண்ணி நெறைய வரும். திரும்ப போட்டப்புறம் நல்லா ஓடி ஒரு வாரம் பத்து நாள்ல மறுபடி அதே கதைன்னா டிஃப்ராஸ்ட் பக்கம்தான் கோளாறு, வர்றவருகிட்ட இத அப்படியே சொல்லுங்க, கேஸ் பேச்சே வராது.

இன்னொண்ணு, கீழ் தட்டுல காத்து வர்ற ஓட்டைய மறைச்சி மாவு டப்பாவ நெருக்கி வைக்கிற வீடு எக்கச்சக்கம். அத நகத்திப் பாத்துட்டு அப்புறம் போன் பண்ணுங்க.

தேவனாம்பட்டினத்துலேர்ந்து: சிங்கிள் டோர். கேஸ் போட்டு நாலு மாசம்தான் ஆச்சு, திரும்ப ஃப்ரீசர்ல ஒரு மூலைல மட்டும் பனி படியுது.

இது நெசமாவே கேஸ் கம்மிதான் தம்பி. ஃப்ரீசர் முழுக்க பரவலா படிய வேண்டிய பனி ஒரு மூலைல மட்டும் நிக்குது, கம்ப்ரசர் நிக்காம ஓடுது, தொட்டா சுடுதுன்னா வேற சந்தேகமே வேணாம். ஆனா போட்ட கேஸ் ஏன் நாலு மாசத்துல போச்சு? லீக்க கண்டுபுடிக்காம சும்மா ரொப்பிட்டு போயிருக்காங்க. உங்க ஊர் மாதிரி கடலோரத்துல உப்புக்காத்து பைப்ப அரிச்சிடும், பின்னாடி கம்ப்ரசர் பக்கம் டார்ச் அடிச்சு பாருங்க, காப்பர் ஜாயின்ட்ல பச்ச பூத்திருக்கும், அலுமினியத்துல வெள்ளையா பொடி தட்டியிருக்கும், எண்ணெய் கசிஞ்சி தூசி அப்பிக்கிட்டிருந்தா அந்த எடத்துலதான் ஓட்டை. அத அடைச்சு, ஃபில்டர மாத்தி, வேக்வம் போட்டு, அதாவது பைப்புக்குள்ள இருக்கற காத்தயும் ஈரத்தையும் மெஷின்ல உறிஞ்சி எடுத்து, அப்புறம்தான் கேஸ். இந்த நாலும் செய்யறேன்னு சொல்றவருகிட்டதான் காசு குடுக்கணும்.

கம்ப்ரசர் லேபிள்ல ஆர்600ஏன்னு இருந்தா கொஞ்சம் உஷார், அது தீப்புடிக்கிற கேஸ். உள்ள கேஸ் இருக்கறப்பவே நெருப்பு காட்டி பைப்ப ஒட்டறேன்னு வந்தா ஒத்துக்காதீங்க.

முத்தியால்பேட்டைலேர்ந்து: ரெண்டு சைடும் கை வைக்க முடியாத அளவு சூடா இருக்கு, பயமா இருக்கு.

பயப்படாதீங்கக்கா, இப்ப வர்ற நெறைய மாடல்ல சூட்ட வெளிய விடற கண்டென்சர் பைப்பு சைடு தகட்டுக்கு உள்ளதான் ஓடுது. உள்ள கூலிங் சரியா இருந்தா விட்டுடுங்க. செவுத்தோட ஒட்டி வச்சிருந்தா மட்டும் ஒரு சாண் முன்னாடி இழுத்து விடுங்க.

மஞ்சக்குப்பத்துலேர்ந்து: ராத்திரில கம்ப்ரசர் டிக்குனு சத்தம் போட்டு நின்னுடுது, காலைல தானா ஓடுது.

ராத்திரில தெருவுல எல்லா ஏசியும் ஓடறப்ப வோல்டேஜ் எறங்குதான்னு பாருங்க. கம்ப்ரசர் கெளம்ப முடியாம, ஓவர்லோடுங்கற பாதுகாப்பு சுவிட்ச் கட் பண்ணுது, அந்த சத்தம்தான் டிக். ஸ்டெபிலைசர் போட்டும் அப்படியே இருந்தா கம்ப்ரசர கெளப்பி விடற ரிலேவ பாக்க சொல்லுங்க, சின்ன சாமான், செலவும் பெருசா வராது. கம்ப்ரசரே போச்சுன்னு ஒடனே ஒத்துக்காதீங்க. கரண்ட் போய் வந்தா அஞ்சு நிமிஷம் விட்டு போடுங்க.

முதுநகர்லேர்ந்து: ஃப்ரீசர்ல ஐஸ் மொத்தமா அடைச்சிக்கிச்சு, கத்தியால கொத்தலாமா?

வேணவே வேணாம்! ஐஸுக்கு அடியில கேஸ் ஓடற அலுமினிய தகடு, ஒரு குத்துல மொத்த கேஸும் புஸ்ஸுனு போயிடும். ஆஃப் பண்ணிட்டு உள்ள ஒரு குண்டான் வெந்நீர் வைங்க, தானா கழண்டுக்கும். அடிக்கடி இப்படி அடைச்சா கதவு ரப்பர பாருங்க, பத்து ரூபா நோட்ட கதவுல வச்சி சாத்தி இழுத்தா லேசுல வரக்கூடாது.

அரியாங்குப்பத்துலேர்ந்து: மீன்பிடி தடைக்காலத்துக்கு முன்னாடி வஞ்சிரமும் சங்கராவும் வாங்கி நெறைய வச்சேன், ரெண்டு நாளாவும் உறையல.

ஏப்ரல் 15 வந்தா ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு கடலுக்கு போகாதுன்னு முந்தின வாரமே எல்லாரும் வாங்கி அடைக்கறது வழக்கம்தான், ஆனா வீட்டு ஃப்ரீசர் உறைஞ்சத உறைஞ்சபடி வச்சிக்கத்தான் லாயக்கு, அஞ்சு கிலோ ஈர மீன ஒரே நேரத்துல உறைய வைக்கிற சக்தி அதுக்கு இல்ல, வெயில் வேற. மீன் வைக்கறதுக்கு முந்தின நாளே குளிர கூட்டி வைங்க. கழுவி தண்ணி வடிச்சி, ஒரு நேரத்து கொழம்புக்கு ஆகற அளவு தட்டையா பாக்கெட் போட்டு, பாக்கெட்டுங்க நடுவுல காத்து போக எடம் விட்டு, ஒரு கிலோ உறைஞ்சப்புறம் அடுத்தது. மைனஸ் 18 டிகிரி இருக்கணும், சந்தேகம்னா ஒரு தெர்மாமீட்டர பாக்கெட்டுங்களுக்கு நடுவுல ராத்திரி முழுக்க வச்சி பாருங்க. இப்ப வச்சிருக்கறது ரெண்டு நாளா உறையலன்னு சொல்றீங்க, நாத்தம் வரலன்னாலும் அத சாப்பிடாதீங்க.

செம்மண்டலத்துலேர்ந்து: மழைத்தண்ணி வீட்டுக்குள்ள வந்து ஃபிரிட்ஜ் அடில நனைஞ்சிடுச்சு, காஞ்சதும் போடலாமா?

வெளிய காஞ்சா போதாது. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் கரைய கடந்தப்ப நெறைய வீட்ல இதே கேள்விதான். ரிலேயும் கம்ப்ரசர் டெர்மினலும் அடியிலதான் இருக்கு. பிளக்க புடுங்கியே வைங்க, ஆள் வந்து கவர கழட்டி காய வச்சி எர்த் லீக் (பாடில கரண்ட் கசியறது) இருக்கான்னு மீட்டர் போட்டு பாத்தப்புறம்தான் சுவிட்ச்.