பிரார்த்தனையே வாடகை

கேள்வி: பாரிஸிலேயே பழமையான வீடு, தங்கம் செய்த ஒரு ரசவாதியின் வீடுதான் என்கிறான் அங்கே வேலை பார்க்கும் என் மகன். உண்மையா? அடுத்த மாதம் போகிறேன். பார்க்க வேண்டிய இடமா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: அவசியம் பாருங்கள் அம்மா. தங்கத்தை மட்டும் மறந்துவிடுங்கள்.

மோன்மொரன்சி தெரு, 51-ஆம் எண். நிக்கோலா ஃப்ளமேல் 1407-இல் கட்டிய கல் வீடு. பாரிஸில் இன்னும் நிற்கும் கல் வீடுகளில் இதுதான் மிகப் பழையது என்பார்கள். (பக்கத்தில் வோல்டா தெருவில் ஒரு மரச்சட்ட வீட்டுக்கு நெடுநாள் அந்தப் பெருமை இருந்தது. அது 17-ஆம் நூற்றாண்டு வீடு என்று பிறகுதான் தெரிந்தது.)

ஃப்ளமேல் ரசவாதி இல்லை. அச்சு வராத காலத்தில் நூல்களைப் பிரதியெடுத்துக் கொடுத்துப் பிழைத்த எழுத்தர். மனைவி பெர்னெல் சொத்துள்ள விதவையாக அவரை மணந்தவர். இருவரும் கோயில்களுக்கும் ஏழைகளுக்கும் நிறையக் கொடுத்தார்கள். இவ்வளவு பணம் எப்படி வந்தது என்று ஊர் வியந்ததில் பிறந்ததுதான் தங்கக் கதை. அந்தக் கதையைப் பரப்பிய, அவர் பெயரிலான ரசவாத நூல் அச்சானது 1612-இல். அவர் இறந்தது 1418-இல்.

பெர்னெல் 1397-இல் இறந்த பிறகு எழுந்தது இந்த வீடு. ஃப்ளமேல் இதில் குடியிருக்கவே இல்லை. கீழே கடைகளை வாடகைக்கு விட்டார். மேல்மாடிகளில் ஏழை உழைப்பாளிகளைக் காசு வாங்காமல் தங்கவைத்தார். ஒரே நிபந்தனை, அதையும் முகப்பிலேயே கல்லில் வெட்டிவைத்தார்: 1407-இல் கட்டிய இந்த வீட்டில் குடியிருக்கும் உழைப்பாளிகளான ஆண்களும் பெண்களுமாகிய நாங்கள், இறந்துபோன ஏழைப் பாவிகளைக் கடவுள் மன்னிக்கும்படி, ஆளுக்கொரு பரலோக மந்திரமும் அருள் நிறை மந்திரமும் தினமும் சொல்லக் கடமைப்பட்டவர்கள். (இரண்டும் கத்தோலிக்க ஜெபங்கள்.)

அதே 1407 நவம்பரில், இதே மரே பகுதியில், மன்னரின் தம்பி ஓர்லயான் பிரபு லூயியை நடுத்தெருவில் வெட்டிக் கொன்றார்கள். நாடே உள்நாட்டுப் போருக்குள் சரிந்துகொண்டிருந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு எழுத்தர் கூலிக்காரர்களுக்கு வீடு கட்டியிருக்கிறார், அதுவும் கல்லில். சாதாரணக் குடும்பங்கள் மரச்சட்டமும் சாந்துமாகக் கட்டிய வீடுகளில் இருந்த ஊர் அது. அந்த வரிகளுக்குக் கீழே நின்றபோது, ரசவாதக் கதை இந்த மனிதருக்குச் செய்த அநியாயம் எனக்கு நிஜமாகவே வலித்தது.

கீழ்த்தளத் தூண்களை நிதானமாகப் பாருங்கள். இசைக்கருவி வாசிக்கும் தேவதூதர்கள் இருப்பார்கள். ஃப்ளமேலின் பெயரின் முதல் எழுத்துகளும் உண்டு. ‘பெரிய முகடு வீடு’ என்று பெயர் வாங்கித் தந்த அந்த முகடு மட்டும் இப்போது இல்லை. கீழே ஓர் உணவகம் நடக்கிறது. சாப்பிடாவிட்டாலும் பரவாயில்லை, தெருவில் நின்றே எல்லாம் பார்க்கலாம். 1911-இல் அரசு நினைவுச்சின்னமாக அறிவித்ததும் முகப்பைத்தான்.

ராம்ப்யுத்தோ மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரம். நேரம் இருந்தால் அப்படியே க்ளுனி அருங்காட்சியகத்துக்கும் போய்வாருங்கள், ஃப்ளமேலின் கல்லறைப் பலகை அங்கேதான் இருக்கிறது.