டிராக்குக்குப் பழைய வண்டியா, புது வண்டியா? கேள்விகளும் பதில்களும்

கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி டிராக் என்ற கார் பந்தயப் பாதைக்குப் போகலாம் என்று சேலத்துக் கார் பிரியர்கள் பேச ஆரம்பித்தால் போதும், என் போனுக்கு ஓய்வே இருக்காது. கேட்டதையெல்லாம் சேர்த்து இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். புதியவர்களுக்கு ஒரு வார்த்தை: டிராக் டே பந்தயம் இல்லை. காசு கட்டி, எதிரே வண்டி வராத பாதையில், மார்ஷல்கள் (பாதுகாப்புக்கு நிற்பவர்கள்) பார்த்துக்கொண்டிருக்க, சொந்த வண்டியை முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள். பெயர்களை விட்டுவிட்டேன், ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

அஸ்தம்பட்டி: அண்ணா, என்கிட்ட 2002 ஹோண்டா சிட்டி விடெக் இருக்கு. மச்சான் ஐ20 என் லைன் வாங்கியிருக்கான். கரியில யார் முன்னாடி வருவோம்?

மச்சான்தான், தம்பி. உன் 1.5 லிட்டர் இன்ஜின் 106 குதிரைத்திறன், அதுவும் ஆர்பிஎம் ஊசி மேலே ஏறினால்தான் கிடைக்கும். அவன் ஒரு லிட்டர் டர்போ 120 குதிரைத்திறன், கீழிருந்தே இழுக்கும். போதாததற்கு ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் பார்த்துக்கொள்வது), புது டயர். ஆனால் கரி டிராக் 2.1 கிலோமீட்டர்தான், நேர்ப்பாதை குறைவு. உன் வண்டியின் எடை ஒரு டன்னைச் சுற்றித்தான். நல்ல டயர் நாலு போட்டு, பிரேக்கைச் சரி செய்துவிட்டு வந்தால் மச்சான் கண்ணாடியில் உன்னைப் பார்த்துக்கொண்டேதான் ஓட்ட வேண்டியிருக்கும். இன்ஜினில் செலவழிக்க நினைக்கிற பணத்தை டயரில் போடு.

சங்ககிரி: சார், என்னுது புது ஜெர்மன் செடான், 370 குதிரைத்திறனுக்கு மேல. நாலாவது ரவுண்டுல பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ள போயிடுச்சு. பக்கத்துல பழைய மாருதி எஸ்டீம் ஒண்ணு நாள் முழுக்க ஓடுச்சு. எப்படி?

உங்கள் வண்டி 1,700 கிலோவுக்குப் பக்கம். எஸ்டீம் 900-க்குள். வண்டியை நிறுத்தும்போது அதன் ஓட்டம் முழுக்க டிஸ்க்கில் (சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டு) சூடாக இறங்குகிறது. அந்தச் சூடு எடையோடு நேராக ஏறும், வேகத்தோடு வர்க்கமாக ஏறும். 100-லிருந்து நிறுத்துவதைவிட 140-லிருந்து நிறுத்தினால் கிட்டத்தட்ட இரட்டிப்பு. எஸ்டீம் 100-ல் வரும் திருப்பத்துக்கு நீங்கள் 140-ல் வந்தால், எடையையும் சேர்த்து, மூன்றரை மடங்குக்கு மேல் சூடு உங்கள் பிரேக்கில். கம்பெனி பெரிய டிஸ்க் கொடுத்திருக்கிறது, மறுக்கவில்லை. அது ஹைவேயில் ஒருமுறை அழுத்தி நிறுத்துவதற்குப் போதும். ஒவ்வொரு ரவுண்டிலும் ஆறேழு தடவை என்றால் ஆறுவதற்கு நேரம் எங்கே?

பெடல் உள்ளே போனது என்றால் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி; ஈரம் ஏறிய பிறகு 155 வரை இறங்கிவிடலாம். கொதித்தால் குழாயில் ஆவி, ஆவியை அழுத்தினால் அமுங்கும், கால் தரைக்குப் போகும். பெடல் கல்லாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் அது வேறு நோய்: டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பேட் சூடேறிப் பிடிப்பை விட்டுவிட்டது. முதலாவதற்குப் புது ஆயில், இரண்டாவதற்கு டிராக் பேட். இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பணத்தைக் கொட்டுகிறவர்கள் நிறைய.

இன்னொன்று. புது வண்டிகள் பலவற்றில் திருப்பத்தில் உள்பக்கச் சக்கரத்தை கம்ப்யூட்டரே லேசாகப் பிரேக் பிடித்து வண்டியைத் திருப்பிவிடும். நீங்கள் பெடலைத் தொடாத நேரத்திலும் பேட் வெந்துகொண்டிருக்கும். எஸ்டீமில் அந்தச் சமாசாரமே கிடையாது.

ஏற்காடு: அண்ணே, நம்ம இருபது கொண்டை ஊசி வளைவு இருக்க, டிராக் எதுக்கு? அப்புறம், என் பழைய கார்புரேட்டர் வண்டி மேல வந்தா திணறுது.

இரண்டாவதுக்கு முதலில். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். காற்று மெலிசு. டர்போ இல்லாத இன்ஜினுக்கு அங்கே ஏறக்குறைய 15 சதவீத பலம் குறையும். கார்புரேட்டருக்குக் காற்று குறைந்தது தெரியாது. பெட்ரோலைப் பழையபடி ஊற்றும், அதனால் கருப்புப் புகையும் திணறலும். புது இன்ஜினில் சென்சார் அளந்து பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும், டர்போ காற்றை அழுத்திக் கொடுக்கும். மலைக்குப் புது வண்டி, இதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை.

முதல் கேள்விக்கு: வேண்டாம். அந்த வளைவில் எதிரே பஸ் வரும், பைக்கில் குழந்தையை முன்னால் உட்கார வைத்துக் குடும்பம் வரும். மேலே ஏறி வருகிற வண்டிக்கு வழிவிட வேண்டிய ரோடு அது. பொது ரோட்டில் அனுமதியில்லாமல் வேகப் போட்டி வைத்தால் மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவில் சிறைத் தண்டனையே உண்டு. கோரிமேட்டுப் பக்கம் ராத்திரி சைலன்சர் சத்தம் கேட்டால் அது யார் என்று ஊருக்கே தெரியும், ஞாபகம் வைத்துக்கொள்.

குகை: கத்துக்கிறதுக்கு எது நல்லது? எலக்ட்ரானிக்ஸ ஆஃப் பண்ணிட்டா புது வண்டியும் பழைய வண்டி ஆயிடாதா?

ஆகாது. பொத்தானை அமுக்கினால் வண்டி வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் ஈஎஸ்பி போகும் (பல வண்டிகளில் அதுவும் முழுக்கப் போகாது), எடையும் அகல டயரும் அப்படியே இருக்கும். அகல டயர் பிடித்துக்கொண்டே இருந்து, விடும்போது சட்டென்று விடும், அதுவும் பெரிய வேகத்தில். பழைய மெல்லிய டயர் 60-லேயே கத்த ஆரம்பிக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டு ஸ்டியரிங்கைக் கொஞ்சம் தளர்த்தப் பழகியவன்தான் பிறகு எந்த வண்டியையும் ஓட்டுவான். ஏபிஎஸ் இல்லாத வண்டியில் சக்கரம் பூட்டுவதற்கு ஒரு நூல் முன்னால் காலை நிறுத்தக் கற்றுக்கொள்வாய்; புது வண்டியில் மிதித்தால் போதும், மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும்.

கரி டிராக்குக்குப் பெயர் தந்த கரிவர்தன் வடிவமைத்த ஃபார்முலா மாருதி வண்டியில் இருந்தது மாருதி 800-ன் 796 சிசி இன்ஜின். 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் அந்த வண்டியில்தான் பந்தயத்தைத் தொடங்கினார். பலம் குறைந்த வண்டியில் வேகத்தை வீணாக்கினால் திரும்பக் கிடைக்காது. கற்றுக்கொள்கிறவனுக்கு என் ஓட்டு எப்போதும் பழைய, லேசான, தொலைந்தாலும் வீட்டில் சண்டை வராத வண்டிக்குத்தான். ஒரு நிபந்தனையோடு, அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

ஆத்தூர்: இருபது வருஷத்து வண்டி ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன். டிராக்குக்குக் கொண்டுபோகுமுன் என்ன பார்க்கணும் அண்ணா?

ரப்பர். எல்லோரும் இன்ஜின் சத்தத்தைக் கேட்டு மயங்குவார்கள். வயசாகிற முதல் சாமான் ரப்பர்தான்: பிரேக் ஹோஸ், ரேடியேட்டர் ஹோஸ், சஸ்பென்ஷன் புஷ், இன்ஜின் மவுண்ட். ஹோஸை மடக்கிப் பார். வெடிப்புத் தெரிந்தால் எல்லாவற்றையும் மாற்று. டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 1617 என்றால் 2017-ன் பதினாறாவது வாரம். பட்டன் (டயரின் மேல் வெட்டு) எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அவ்வளவு வயசான டயர் டிராக்குக்கு ஆகாது.

பிறகு ரேடியேட்டர். நம் ஊர் வெயிலில் பழைய வண்டியைக் கொல்வது சூடுதான். சூடு காட்டும் மீட்டரில் ஊசி வழக்கமான இடத்தைத் தாண்டினால் அந்த ரவுண்டிலேயே வெளியே வா. ஹெட் கேஸ்கெட் (இன்ஜினுக்குள் இருக்கும் அடைப்புத் தகடு) போனால் அந்த வருஷம் டிராக் கனவு முடிந்தது. இன்ஜின் ஆயில் மேல் கோடு வரை இருக்கட்டும். நீண்ட திருப்பத்தில் ஆயில் ஒருபக்கம் ஒதுங்கி பம்பு காற்றை இழுத்தால் பேரிங் தேயும்.

ஓமலூர்: அண்ணா, நான் தினமும் ஆபீஸ் போறதே போலோ ஜிடி டிஎஸ்ஐ தான். அதையே கொண்டு வரலாமா?

தாராளமா வாம்மா. உன்னுது பழைய 1.2 லிட்டர் வண்டி என்றால் அந்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் கிளட்ச் உலர் வகை, சூட்டைத் தாங்காது. மூன்று நாலு ரவுண்டு வேகமாக, ஒரு ரவுண்டு மெதுவாக என்று ஓட்டு. வெயில் ஏற ஏற டர்போ இன்ஜின் தானே பலத்தைக் குறைத்துக்கொள்ளும், வண்டி கெட்டுவிட்டது என்று பயப்படாதே. ஹெல்மெட், முழுக்கை பருத்திச் சட்டை, ஷூ. வண்டி நின்றுபோனால் கட்டி இழுக்க முன்னால் கொக்கி மாட்டும் இடம் சரியாக இருக்கிறதா என்று வீட்டிலேயே பார். இன்ஷூரன்ஸ் பாலிசியில் பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பொறுப்பில்லை என்று எழுதியிருப்பார்கள். இடித்தால் செலவு உன்னுடையது என்று எண்ணிக்கொண்டே வா.

ஐந்து ரோடு: பழைய ஏர் கூல்டு போர்ஷே 911, புதுசு. எது?

சேலத்தில் இந்தக் கேள்வி வருவதே சந்தோஷம். 1998-ல் முடிந்துபோன அந்த ஏர் கூல்டு வண்டியில் இன்ஜின் பின் சக்கரத்துக்கும் பின்னால். திருப்பத்தின் நடுவில் பயந்து ஆக்ஸிலேட்டரை விட்டால் வால் முன்னால் வந்துவிடும். புதியதில் அந்தக் குணத்தை நன்றாக அடக்கிவிட்டார்கள். இருக்கும் விலைக்குப் பழையதை அலமாரியில் வைத்துவிட்டுப் புதியதை ஓட்டுங்கள் சார்.

கொண்டலாம்பட்டி: ரவுண்டு முடிச்சு வந்து நிறுத்தினதும் ஹேண்ட் பிரேக் போடலாமா?

போடாதே. வெந்த பேட் டிஸ்க்கோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும், பிறகு பிரேக் பிடிக்கும்போதெல்லாம் பெடல் உதறும். கடைசி ரவுண்டை பிரேக்கே தொடாமல் மெதுவாக ஓட்டி வா, கியரில் போட்டு நிறுத்து, சக்கரத்துக்குக் கல் வை. ஊருக்குத் திரும்ப நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும், அதனால் டிக்கியில் ஒரு செட் பேட் கூடுதலாக இருக்கட்டும்.